மலையும் தெரியிற மாதிரி ஒரு கேமரா

கனடாவில் வருஷத்துக்கு இரண்டு தடவை மணியைத் திருத்தி வைப்பார்கள். மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவது, நவம்பரில் பின்னால் இழுப்பது. வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக வரும். பொழுது அதுபாட்டுக்கு விடியுது, அதுபாட்டுக்குச் சாயுது, இவர்கள் ஏன் நடுவில் கிடந்து அல்லாடுகிறார்கள் என்று நினைப்பேன். ஹாமில்டனில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். திருத்தச் சொன்னால் திருத்திவிட்டுப் போவேன். போன நவம்பரில்தான் அந்த ஒரு மணி நேரம் என் அம்மாவைக் காட்டிக்கொடுத்தது.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் காட்டுக்கொட்டாய். நிலத்துக்கு நடுவில் ஒற்றை வீடு. கூப்பிடு தூரத்தில் அஞ்சலக்கா வீடு மட்டும்தான். அப்பா போனதிலிருந்து அம்மா தனியாக இருக்கிறாள். ஒரே மகள் நான் இங்கே இருக்கிறேன். போன ஆடியில் பக்கத்து நிலத்துப் போர் மோட்டாரின் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேட்டதும் எனக்குத் தூக்கம் போயிற்று. கிளம்பி வந்துவிடு என்றேன். "அந்தப் பனியில நா இன்னாடி பண்ணுவேன், மாட்ட யாரு பாக்கறது" என்றாள். அவள் வரமாட்டாள், நான் போக முடியாது. சரி, கேமராவாவது மாட்டலாம் என்று இறங்கினேன்.

கேமரா வாங்குவது பெண் பார்ப்பதைவிடப் பெரிய வேலை. மூன்று வாரம் வீடியோவாகப் பார்த்தேன். சோலார் பலகை, சிம் கார்டு, பேசினால் அங்கே கேட்கிற ஸ்பீக்கர் எல்லாம் முடிவாயிற்று. கள்ளக்குறிச்சியிலிருந்து கேமராக்காரர் ஒருவர் வந்து முதலில் மாட்டியது, இருட்டில் கருப்பு வெள்ளையாகக் காட்டும் ரகம். அன்றைக்கு அம்மா அதன் முன்னால் வந்து நின்றாள். சாம்பல் நிறத்தில் முகம், சாம்பல் நிறத்தில் சேலை. அப்பாவுக்குக் கச்சிராயபாளையம் முழுக்க ஒட்டினார்களே கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதில் இருந்த அப்பா மாதிரியே இருந்தாள். இதைக் கழற்றுங்கள், கலரில் தெரிகிற கேமராதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். திருடன் வந்தால் போலீசுக்குச் சட்டை நிறம் சொல்ல வேண்டாமா என்று காரணமும் சொன்னேன். அம்மாவின் சேலை நிறம் எனக்குத் தெரிய வேண்டும் என்று வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது.

"கலரு வேணும்னா கேமராவுலயே லைட்டு எரியணுங்க. பொழுது சாஞ்சா தானா எரியும், விடிஞ்சா தானா நிக்கும்" என்றார் கேமராக்காரர். எரியட்டும் என்றேன். அடுத்து எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று ஒரு வழக்கு. அவர் ஏணிமேல் நின்றுகொண்டு, "வாசலப் பாத்து எறக்கி வெச்சாதாங்க வர்ற ஆளு மூஞ்சி தெரியும்" என்றார். நான் போனில் படத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னும் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்றேன். "இன்னும் தூக்குனா மலைதாங்க தெரியும்." மலையும் தெரியணும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தூக்கி வைத்தார். வாசல், அதையொட்டி அஞ்சலக்கா குத்தகைக்குப் பயிர் வைக்கும் அரை ஏக்கர் கழனி, அதற்குப் பின்னால் நீலமாக மலை. மொத்த ஊரும் என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு மத்தியானம் பன்னிரண்டு மணி என்றால் அங்கே இரவு ஒன்பதரை. தொழிற்சாலையில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம்தான் கையில் இருக்கும். டப்பாவைத் திறப்பேன், கேமராவைத் திறப்பேன். வாசலில் மஞ்சளாகவோ ஊதாவாகவோ சேலை கட்டிக்கொண்டு அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். அவள் கீரை உருவுவாள், நான் சாப்பிடுவேன். மணி அடித்ததும் "போறேம்மா" என்பேன். "போய் வா கண்ணு" என்று கேமராவை நிமிர்ந்து பார்த்துச் சொல்வாள். வேலை முடிந்து போனை எடுக்கும்போது அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். வெறும் வாசலை எதற்குப் பார்ப்பது என்று விட்டுவிடுவேன்.

பக்கத்தில் உட்காரும் லிண்டா ஒரு நாள் எட்டிப் பார்த்து இது என்ன என்றாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், திருடனைப் பிடிக்கக் கேமரா வைத்திருக்கிறேன் என்று விளக்கினேன். அவள் திரையை உற்றுப் பார்த்தாள். கீரை உருவும் கிழவியைத் தவிர வேறு யாரும் இல்லை. "அந்த அம்மா எதைத் திருடுகிறாள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அது என் அம்மா என்றேன். "ஐயோ பாவம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் விளக்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

நவம்பரில் மணியை மாற்றினார்கள். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேமராவைத் திறந்தால் ஒன்றுமில்லை, கன்னங்கரேல் என்று கிடந்தது. என் பன்னிரண்டு மணி அங்கே பத்தரை ஆகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். அஞ்சலக்காவுக்கு அடித்தேன். அவள் தூக்கக் குரலில், "ஒண்ணும் ஆவல பாப்பா, பெரிம்மா தூங்குது" என்றாள். அப்படியென்றால் கேமராவுக்கு என்ன என்று கத்தினேன். "பெரிம்மாதான் சாக்கு மாட்டுது. நா மாட்டச் சொல்லல பாப்பா, சத்தியமா சொல்லல" என்றாள்.

மறுநாள் அம்மாவைக் குடைந்து குடைந்து கேட்டு வாங்கினேன். தினமும் நான் போய் வருகிறேன் என்று சொன்னதும், தொரட்டியால் ஒரு உரச்சாக்கைத் தூக்கிக் கேமராமேல் கவிழ்த்துவிட்டுப் படுப்பாளாம். விடிவதற்குள் எடுத்துவிடுவாளாம். திங்கட்கிழமை பத்து மணி வரைக்கும் என் குரலுக்குக் காத்திருந்துவிட்டுக் கவிழ்த்திருக்கிறாள். "ராத்திரியெல்லாம் லைட்டு எரிஞ்சா நெல்லு இன்னா பண்ணும்? இன்னும் பொழுது சாயலன்னு நெனச்சுக்கினு நிக்குது. சுத்திலும் கதிர் தள்ளிடுச்சு, வெளிச்சம் படற எடத்துல மட்டும் தள்ளல. அஞ்சல தெனம் வந்து பாத்துட்டு, வாயத் தொறக்காம போறா."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ என்னப் பாத்துக்கினு சோறு துன்ற. அத இன்னாத்துக்கு நா கெடுக்கணும்?"

எட்டு மணிக்கெல்லாம் படுக்கிற மனுஷி ஒன்பதரை மணிக்கு வாசலில் உட்கார்ந்து என்ன கீரை உருவுகிறாள் என்று ஒரு நாளாவது நான் யோசித்தேனா? எனக்காகவே கண் விழித்து, நல்ல சேலை கட்டி, வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அதைவிட வெட்கம் இன்னொன்று. சம்பா நெல்லுக்கு ராத்திரி வெளிச்சம் ஆகாது என்று எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கழனி ஓரம் தெருவிளக்கு போட வந்தவர்களை அப்பா சண்டை போட்டு விரட்டியதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அஞ்சலக்கா வீட்டுக்கு வருஷச் சாப்பாடே அந்த அரை ஏக்கர்தான். கேமராவை இறக்கி வைத்திருந்தால் வாசலோடு வெளிச்சம் நின்றிருக்கும். மலை வேண்டும் என்று கேட்டது நான்தான். என்மேலேயே எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது.

அன்றைக்கே போனிலிருந்து விளக்கை அணைத்தேன். படம் கருப்பு வெள்ளைக்கு மாறியது. அம்மா வாசலுக்கு வந்து நின்று, "தெரியிறனா கண்ணு?" என்றாள். போஸ்டர் முகம்தான் தெரிந்தது. தெரியிற, நல்லாத் தெரியிற, இனிமேல் எட்டு மணிக்குப் போய்ப் படு என்றேன். அன்றிலிருந்து மத்தியானம் டப்பாவைப் பாதியிலேயே மூடிவிடுகிறேன். மறைப்பானேன், பித்துப் பிடித்த மாதிரி அவள் நினைப்பு. இங்கே இரவானால் அங்கே விடிந்துவிடும், அப்போது கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன். கேமராவை இறக்கி வைக்க ஆளை வரச் சொன்னேன். "அறுப்பு முடியட்டும். அதுவரைக்கும் மலையப் பாத்துக்கினு இரு" என்றாள் அம்மா.

தை மாசம் ஒரு நாள் ஓவர்டைம் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வந்து, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கேமராவைத் திறந்தேன். அங்கே வெயில் ஏறும் காலை. அறுப்பு முக்கால்வாசி முடிந்திருந்தது. எங்கும் தாள் நிற்கும் வெறும் கழனி. எங்கள் வாசல் வரப்பில் தொடங்கி மலையைப் பார்த்து விரிந்துகொண்டே போகும் ஒரு துண்டு மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. விளக்கு எவ்வளவு தூரம் அடித்ததோ அவ்வளவு தூரம். ஒரு கதிர் பழுக்கவில்லை.

அஞ்சலக்கா கையில் அரிவாளோடு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். நான் பார்க்கிற நேரம் அவளுக்குத் தெரியும். "பாப்பா, இது உன் பங்கு. முத்தறதுக்கு இன்னும் ஒரு மாசம் ஆவும். வந்து அறுத்துக்கினு போ" என்றாள். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை; கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபடி நின்றாள்.

பேசுகிற பொத்தானை அழுத்திப் பிடித்தேன். வந்துடறேங்க்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கே கேட்கும். அவர்கள் காத்திருந்தார்கள். விரலை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர்கள் குனிந்து அந்தப் பச்சையைச் சுற்றிக்கொண்டு அறுக்கத் தொடங்கினார்கள்.