வாசலில் தொங்கிய ஆர்க்கிட்

ஆணி அடிக்கும்போது அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, அப்பா, சுத்தியல் கொண்டுவந்த கீழ்வீட்டு அண்ணன். இல்லாதவன் நான்தான். செடியோ என்னுடையது.

வேலைப் பயிற்சிக்காகக் கோலாலம்பூரில் ஒரு வாரம் இருந்துவிட்டு சுங்கை பினாங் வீட்டுக்குத் திரும்பினேன். குளியலறைச் சன்னலோரம் நான் மாட்டியிருந்த ஆர்க்கிட், பலகையோடு வாசல் நிலைக்கு மேலே, எலுமிச்சைக்கும் மிளகாய்க்கும் நடுவே தொங்கியது. அகன்ற இலைகளில் மஞ்சள், குங்குமம். பலகையைச் சுற்றிச் சிவப்புத் துணி.

"என்னம்மா இது?"

"ஏன், திருஷ்டிக்குத்தான். மண்ணில்லாம பலகையில வளருதுன்னா ஆகாச கருடன் சாதிதானே?"

ஆகாச கருடன் வாசலில் கட்டும் கிழங்கு. மண்ணும் தண்ணீரும் இல்லாமலே துளிர்க்கும். இது அதுவல்ல என்றேன்.

"நீதானடா வாங்கிட்டு வந்தப்போ சொன்ன, இது காத்துலேயே வாழும்னு. ஒரு மணிநேரம் பாடம் எடுத்தியே!"

எடுத்தேன்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்; எதையும் விளக்காமல் விட மாட்டேன். அன்று விட்டிருக்கலாம்.

மறுபடி விளக்கினேன். இது காட்டில் மரத்தின் மேல் ஒட்டி வளரும், ஆனால் மரத்தை உறிஞ்சாது. மழையும் ஈரக்காற்றும்தான் சாப்பாடு. பலகையில் கட்டினால் தினமும் காலையில் வேர் நனைய வேண்டும். காய்ந்த வேர் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. இலைக் குருத்தில் தண்ணீர் தேங்கக்கூடாது, நேர்வெயில் ஆகாது. எங்கள் வாசலிலோ மாலை வெயில் சுட்டெரிக்கும்.

"காட்டுல யாரு தெனமும் தண்ணி ஊத்துறா?" என்றார் அப்பா.

"மழை ஊத்துதுப்பா."

"அப்ப மழை வரட்டும்லா."



நானே இறக்கிவிடலாம் என்று ஸ்டூலை இழுத்தேன். அம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார். செடி ஏறிய நான்காம் நாள், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் அப்பாவின் ஷிப்டில் பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். அப்பாவின் பெயர் பட்டியலில் இல்லை.

"இறக்கினா அடுத்த பட்டியல்ல உங்கப்பா பேரு வராதுன்னு எழுதிக் குடு. படிச்சவன்தானே."

எழுதிக் கொடுக்க முடியவில்லை.

ஆகவே தினமும் விடியலில் ஸ்டூல் போட்டு ஏறி வேரில் தண்ணீர் தெளித்தேன். சொட்டுகிறது, வழுக்குகிறது, குங்குமம் கரைகிறது என்று தினமும் திட்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணிப் புகை. மூன்றாம் வாரம் இலைகள் சுருங்கித் துவண்டன. எவ்வளவு நனைத்தும் பாதி வேர்கள் பச்சையாகவில்லை. வெறும் சாம்பல் நிறம். பூத்த பழைய காம்பிலேயே இது மறுபடி பூக்கும் என்று தெரியாமல், "காஞ்ச குச்சி" என்று அப்பா அதையும் ஒடித்துப் போட்டிருந்தார்.

கடைசியில் வழி சொன்னவர் ஆணியடித்த அதே கீழ்வீட்டு அண்ணன்தான்.

"தம்பி, அம்மாகிட்ட லாஜிக் பேசாதே. நெசமான கருடனைக் கொண்டாந்து மாட்டு. காவல் மாத்துறோம்னு சொல்லு."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணே?"

"அன்னைக்கு நீ இல்லையே லா."

அம்மா சம்மதித்தார், நிபந்தனையோடு: அமாவாசை அன்றுதான், முதலில் கிழங்கு ஏற வேண்டும், பிறகுதான் செடி இறங்க வேண்டும், வாசல் ஒரு நிமிடமும் வெறுமையாக இருக்கக்கூடாது, கூடவே ஒரு பூசணிக்காய். அண்ணன் கூலி வேண்டாம் என்றார், வீட்டுக்கு நாசி கண்டார் சாப்பாடு வாங்கித் தந்தால் போதும் என்றார். அவர் வீட்டில் ஐந்து பேர்.

செடி சன்னலோரம் திரும்பியது. இரண்டு இலைகள் விழுந்தன. ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு வேர் நுனி பச்சையாக எட்டிப் பார்த்தது. அப்பா வேலையில்தான் இருக்கிறார். அது கிழங்கின் கைங்கரியமாம்.

செடியை வாங்கியது முப்பது மலேசிய வெள்ளிக்கு. அதை வாசலிலிருந்து இறக்க ஆனது நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.