ஆமையின் வலப்பக்கம்

மகள் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த தொடர்மாடிக்குப் பக்கத்தில் சிறுபிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினார்கள். திரையில் ஓர் ஆமை நிற்கும். இத்தனை அடி போ, வலப்பக்கம் திரும்பு என்று எழுதிக் கொடுத்தால் அது கோடு போட்டபடி போகும். மகளின் ஆமை வீட்டுச் சுவர்களைச் சரியாகக் கீறிவிடும். கூரைக்கு வரும்போது எங்கோ வெளியே போய்விடும். வருகிற சனிக்கிழமை பெற்றோர் பார்க்க வருவார்கள். அதற்குள் கூரை வீட்டின்மேல் ஏறவேண்டும் என்பது அவளுடைய கவலை.

எனக்கு வேறு கவலை. ஐந்தாம் வகுப்போடு புடவைக்கடை வேலைக்கு வந்தவன் நான். படித்தவர்கள் நடுவே போய் நிற்பதை நினைத்தாலே கூசியது. வகுப்பு வாசலிலேயே நிற்கிறேன் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. “அப்பா, நீங்கள் ஆமையா இருங்கோ” என்றாள். அறையில் இடம் போதாமல் வெளி விறாந்தைக்கு வந்தோம். அவள் ஆமைக்கு எழுதிய தாளுடன் எனக்கு எதிரே நின்று சொல்லச் சொல்ல நான் நடந்தேன். சுவர் வந்தால் நானாக ஒதுங்கினேன்.

“யோசிக்காதேங்கோ அப்பா. ஆமை யோசிக்காது.”

அது எனக்குக் கடினமில்லை. காலி வீதி என்ற பெருந்தெருவின் சோதனைச் சாவடிகளில் இராணுவத்தினர் நில் என்றால் நின்று, போ என்றால் போய்ப் பழகிய போர்க்காலம் அது.

கூரை கீறும் இடம் வந்தது. “வலப்பக்கம் திரும்புங்கோ. முன்னுக்குப் போங்கோ.”

போனேன். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாவின் திறந்த கதவுக்குள் போய் நின்றேன். அவர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, ஊட்டுக்குள்ள வாரீங்களா, போறீங்களா?”

நான் வெட்கத்தோடு மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

“அன்ரி, நான் சொன்னாத்தான் அவர் அசைவார்” என்றாள் மகள்.

“அப்படியா? எங்கட ஊட்டுக்காரருக்கும் அதைக் கொஞ்சம் படிச்சுக் குடுங்க மகள்.”

மகள் சிரிக்கவில்லை. தன் வலக்கையைப் பார்த்தாள்; என் வலக்கையைப் பார்த்தாள். எதிரெதிரே நின்றால் அவளுடைய வலம் எனக்கு இடம். உடனே என் பின்னால் வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டு, நான் பார்த்த பக்கமே பார்த்து மறுபடி சொன்னாள். இம்முறை நான் யார் வீட்டுக்குள்ளும் போகவில்லை. நின்ற இடத்திலேயே என் முதுகில் தாளை வைத்துத் திருத்தி எழுதினாள்.

சனிக்கிழமை வாசலில் நின்றேன். உள்ளிருந்து, “அப்பா, வந்து பாருங்கோ” என்று கூப்பிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அவள் வெளியே வந்தாள். ஒன்றும் கேட்காமல் என் பின்னால் போய்ச் சட்டையைப் பிடித்தாள்.

“முன்னுக்கு” என்றாள் மெதுவாக. “இப்ப இடப்பக்கம். நில்லுங்கோ.”

திரையில் வீடு இருந்தது. கூரை அதன் மேலேயே இருந்தது. அவள் அடுத்ததைச் சொல்லும்வரை நான் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.