பிரதமருக்கு எழுதிய நினைவு மலர்

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் தமிழாள் ஒருவர் கண்ணை மூடினால் முதலில் பூக்கடைக்காரருக்குத் தெரியும், அடுத்தது எனக்கு. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுப்பவன் நான்தான். ஆயுள் முழுக்க வேலிச்சண்டை பிடித்தவரும் என் கைபட்டால் ‘அயலவர் போற்ற வாழ்ந்தவர்’ ஆகிவிடுவார். குறை எழுதக்கூடாது என்பது இதில் சட்டம். இதற்கு எனக்குக் கிடைப்பது ஒரு பார்சல் சோறும் எக்கச்சக்கமான தலைக்கனமும்.

ஆகவே, பொருளாதார மந்தத்திலும் உலக யுத்தத்திலும் இந்த நாட்டை நடத்திய பிரதமரைப் பற்றிக் கனடா தின விழாவில் பேச முடியுமா என்று எங்கள் முதியோர் சங்கம் கேட்டபோது, கேட்டு முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டேன். நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்து, அதில் பாதியைப் படித்தேன். பழக்கதோஷம் விடுமா? ‘அன்னார்’ என்றே தொடங்கினேன். வேலையிழந்தவர்களுக்குக் காப்புறுதி தந்த வள்ளல், பிள்ளைகளுக்கு மாதப்படி தந்த கற்பகதரு, எதிலும் அவசரப்படாத ஞானி. மனிதர் கலியாணம் கட்டவில்லை. மலரில் உறவினர் பெயர்களைப் போடும் ‘துயருறுவோர்’ வரிசை வெறுமையாகக் கிடந்ததால் அவர் வளர்த்த நாயைப் போட்டு நிரப்பினேன்.

போஞ்சி வெட்டிக்கொண்டிருந்த மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நான் படிக்காத மற்றப் பாதியை அவள் படித்திருந்தாள்.

“உதிலை கப்பல் எங்கை?” என்று கேட்டாள்.

யுத்தத்துக்குச் சற்று முன்னர், யூத அகதிகளோடு இடம் தேடி அலைந்த கப்பல் அது. மற்ற நாடுகளைப் போல அன்னாரின் அரசும் கையை விரித்தது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பிப் போனது. அதில் இருந்தவர்களில் பலர் பிறகு கொல்லப்பட்டார்கள். கொண்டாட்டத்தில் இந்தக் கதை எதற்கு என்று மழுப்பினேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“விழாவுக்குத் தம்பி வாறனெண்டு சொல்லியிருக்கிறான். அவனுக்கு முன்னாலை கப்பலை மறைச்சியளெண்டால், பிறகு ஒருக்காலும் அவன் எங்கடை வாசல் மிதிக்கமாட்டான்.”

அவளுக்கு இருக்கிற ஒரே தம்பி. அவனும் எங்கள் ஊர்ச் சண்டையிலிருந்து தப்பி, அகதியாகக் கப்பலில் வந்தவன்தான். அதில் வந்த எல்லாரையும் இங்கத்தைய அரசு பிடித்து அடைத்தது. பிணை நிற்க உறவினர் ஒருவர் வேண்டும் என்று அவனுடைய வழக்கறிஞர் கேட்டார். வீடு என் பெயரில் இருந்தது, கையெழுத்தும் என்னுடையதுதான் செல்லும். நானோ டிவிக்கு முன்னால் சாய்ந்திருந்து, இப்படிக் கப்பல் கப்பலாக வந்தால் வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். வேறொருவருடைய பாஸ்போட்டில், அவருடைய பிறந்த திகதியை மனப்பாடம் செய்துகொண்டு வந்திறங்கிய நான்!

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாதக்கணக்கில் யோசித்தேன். கடைசியில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் கையெழுத்து வைத்து அவனை வெளியே எடுத்தார். இன்று அவன் பிறம்ரன் நகரில் லொறி ஓட்டுகிறான். அக்காவைக் கோயிலில் சந்திப்பான். எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவள் அதைச் சொல்லி என்னோடு சண்டை பிடித்ததும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

விழாவன்று கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். நான் வாசித்தேன். கப்பல் வந்த இடத்தில் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினேன். அந்தக் கப்பலைப் பிரதமர் ஏற்கவில்லை என்று சொன்னேன். பிறகு இன்னொரு கப்பல் வந்தபோது சோபாவில் இருந்தபடி நானும் அதையே செய்தேன் என்றும், அதில் என் மனைவியின் தம்பி இருந்தான் என்றும் சொன்னேன். சங்கத் தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். யாரோ ஒருவர் மட்டும் பழக்கத்தில் கைதட்டினார்.

தேநீர் நேரத்தில் அவன் வடைத் தட்டோடு என் பக்கம் வந்தான்.

“அத்தான், நான் வராட்டில் அந்தக் கப்பல் கதையைச் சொல்லியிருப்பியளோ?”

வாயில் பொய் தயாராகத்தான் இருந்தது. எத்தனை வருடப் பயிற்சி! ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. சட்டைப்பைக்குள் இருந்த மற்றத் தாளை எடுத்துக் கொடுத்தேன். கப்பல் இல்லாத தாள். அவன் வராவிட்டால் வாசிப்பதற்கென்று வைத்திருந்தது.

நின்றபடியே முழுவதையும் படித்தான். பிறகு அதை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“அக்காவுக்குக் காட்டமாட்டன்,” என்றான். “ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாறன்.”