இருபதுக்கு மூன்று குறைவு

இருபது. கணக்கெடுப்பு நாளன்று இத்தனை பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அந்த அரசுத் தொடக்கப்பள்ளி பிழைக்கும். ஒன்று குறைந்தாலும் மூடிவிட்டு, தொலைவில் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். தலைமையாசிரியையிடம் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள்.

இருப்பதே இரண்டு ஆசிரியர்கள்தான். ஆனாலும் பிள்ளைகளுக்கு அவர் ‘பெரிய டீச்சர்’. குழாய் ரிப்பேரும் அவர்தான், மூக்கைத் துடைத்துவிடுவதும் அவர்தான்.

மூன்று வருடம் முன்பே மூடியிருக்க வேண்டிய பள்ளியை, எதிரே எழும்பிய அடுக்குமாடிதான் காப்பாற்றியது. அங்கே வேலைக்கு வந்தவர்களின் தகரக் கொட்டகைகளில் ஏறி இறங்கிப் பிள்ளைகளைக் கையோடு கூட்டிவந்தார். கட்டடம் உயர உயர அவருக்கு வாயெல்லாம் பல். வேலை முடிந்து இவர்கள் போனாலும், குடிவருகிறவர்களின் பிள்ளைகள் வருவார்கள் என்று மனக்கணக்குப் போட்டிருந்தார்.

குடிவந்தார்கள். இவரும் போய் வாசலில் நின்றார். காவலாளி உள்ளே விடவில்லை, உட்கார நாற்காலி மட்டும் கொடுத்தார்.

“தப்பா நினைக்காதீங்க டீச்சர். இங்க நாய்க்குட்டியே வேன்ல ஏறித்தான் ட்ரெயினிங் போகுது. உங்க ஸ்கூலுக்கு யாரு நடந்து வருவா?”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தெருவுக்கு வந்த பிறகு, இருபத்திரண்டில் கொட்டகைப் பிள்ளைகளைக் கழித்துப் பார்த்தார்.

கணக்கெடுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது கொட்டகைகளைப் பிரித்தார்கள். அங்கிருந்து வந்த ஐந்து பிள்ளைகளும் கிளம்ப வேண்டும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி மேஸ்திரியிடம் கெஞ்சினார். அடுத்த ஊரில் அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். இரண்டு பிள்ளைகள் அன்றே போய்விட்டார்கள். மிச்சம் மூன்று பேர், அக்கா தங்கைகள். அவர்கள் இருந்தால் சரியாக இருபது. எண்ணி முடிக்கும்வரை மூவரையும் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக அவர்களுடைய அம்மாவிடம் சொல்லிப்பார்த்தார்.

அவள் பாத்திரங்களைச் சாக்கில் அடைத்துக்கொண்டே கேட்டாள்.

“எண்ணி முடிச்சதும் யாரு டீச்சர் கொண்டுவந்து விடுவா? இப்பவே டி.சி. குடுத்தீங்கன்னா நாளைக்கே அங்க சேத்துடுவேன். ஒரு நாள்கூட ஸ்கூலை விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

கொட்டகை கொட்டகையாகப் போய் அதையே ஓதியவர் அவர்தான். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கு ஓடிப்போய் மூன்று சான்றிதழையும் எழுதி, முத்திரை குத்திக் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைக்குட்டி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எட்டிப்பார்த்தாள். “நீங்களும் ஏறிக்கங்க டீச்சர், இடம் இருக்கு.”

எண்ண வந்த அதிகாரி பதினேழு என்று குறித்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை முதல் எல்லோரும் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம் என்று ஆறு வீட்டில் சொல்லிவிட்டார்கள்.