கூடாத படைக்குச் சோகி எறிந்தவள்

புங்குடுதீவில் ஞானசவுந்தரியைத் துணிச்சல்காரி என்றுதான் சொல்வார்கள். கிணற்றடியில் படமெடுத்து நின்ற நாகத்தைப் பனைமட்டையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, வாளியை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் அவள். கணவன் கடல் கடந்து போனபின் தனி வீட்டில் குழந்தையோடு இருந்தவள். அப்படிப்பட்டவள் 1942ஆம் ஆண்டில் ஐந்து சோகிகளுக்கு, வெறும் சோழிகளுக்கு, பயந்து நடுங்கினாள்.

கணவன் பரமலிங்கம் மலாயாவில், தைப்பிங் றெயில்வேயில் கணக்கெழுதும் லிகிதர். கடைசியாக லீவில் வந்தபோது, ஊர் திரும்பும் ஒரு துரை மலிவாக விற்றுத் தள்ளிய ஒரு பெட்டி ஈயச் சிப்பாய்களை மகள் மனோகரிக்கென்று வாங்கி வந்தார். பெண்பிள்ளைக்குச் சிப்பாயா என்று சிரித்தவர்களிடம், ஆண்பிள்ளை பிறந்தால் சட்டி பானை வாங்கி வருகிறேன் என்றார்.

பெட்டிக்குள் சிவப்புச் சட்டைக்காரர் மட்டும்தான் இருந்தார்கள். எதிர்ப்படை இல்லை. அதைப் புளியங்கொட்டையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் யாருடைய படை அது என்று முடிவு செய்ய வேண்டுமே. கெட்டவர்கள் என்பதால் மனோகரி அதற்குக் கூடாத படை என்று பெயர் வைத்தாள். அந்த லீவு முழுவதும் தகப்பனும் மகளும் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, யார் கூடாதவர் என்று வழக்காடினார்கள். சூரன் படை என்றார் அவர். சூரன் மாமரமாய் மாறி நின்றால் என்னுடைய சிப்பாய்கள் மாங்காயா பிடுங்குவது என்றாள் அவள். இராவணன் படை என்று அவள் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரை எரித்தவனை விட்டுவிட்டு எரிந்த ஊர்க்காரனையா கூடாதவன் என்பது என்று கேட்டார். பறங்கியர் படை கொஞ்ச நாள் நின்றது. கடைசியில், முற்றத்தில் காயவைத்த கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போன காகங்களின் படை வந்தது. யாரைக் கூடாத படையாக்கினாலும் அவர்கள் செய்த பிழை என்னவென்று முதலில் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது பரமலிங்கத்தின் நிபந்தனை. பிழை சொல்லாமல் எவரையும் எதிரியாக்க அவர் விடமாட்டார்.

விளையாட்டு எளிதானது. மேசையில் வெண்கட்டியால் கடலும் கரையும் கீறுவார்கள். ஒரு சிப்பாய்க்கு எதிரே ஒரு கொட்டை நிற்கும். கடற்கரையில் பொறுக்கிய ஐந்து சோகிகளைக் குலுக்கி எறிந்து, மூன்றோ அதற்கு மேலோ வாய் மேலே பார்க்க விழுந்தால் எதிரே நின்றவன் செத்தான். நல்ல படைக்குப் பிள்ளை எறியும். கூடாத படைக்கு எறிவது பெரியவர்களின் பாடு. பரமலிங்கம் கப்பலேறியபின் அந்தப் பாடு ஞானசவுந்தரியின் தலையில் விழுந்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து, காகங்களுக்காக நாலு தரம் எறிந்து தோற்றுவிட்டு, மறுபடி குசினிக்குப் போவாள்.

பிறகு ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். கடிதங்கள் நின்றுபோயின.

மாசியில் ஒருநாள் மனோகரி மேசையில் மலாயாவைக் கீறினாள், ஒரு கோணல் கத்தரிக்காய் போல. தைப்பிங்குக்கு ஒரு புள்ளி வைத்து, அடியில் சிங்கப்பூருக்கு ஒரு வட்டமும் போட்டாள். கூடாத படை யப்பான்காரன் என்றாள். என்ன பிழை செய்தவர்கள் என்று தாய் வழக்கப்படி கேட்டாள்.

"ஐயா இருக்கிற இடத்துக்குக் கேக்காமல் வாறாங்கள்."

தகப்பனைத்தான் ஐயா என்றாள். ஞானசவுந்தரி சோகியை எடுத்தாள். தோற்க வேண்டும் என்றுதான் எறிந்தாள். சோகிகள் கேட்கவில்லை. எறிந்த எறியெல்லாம் வாய் பிளந்துகொண்டு விழுந்தன. சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சரிந்து, கடைசியில் சிங்கப்பூர் வட்டத்துக்குள் நின்றவனும் விழுந்தான். உலக்கை இரவல் கேட்டு வந்த அயல்வீட்டு ஆச்சிமுத்து கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே மகன் சிங்கப்பூரில் ஒரு கடையில் வேலை.

சில நாட்களில் சிங்கப்பூர் விழுந்துவிட்டதாகப் பேப்பரில் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் அதைச் சந்தியில் நின்று உரத்து வாசித்தார்.

அன்றைக்குக் கிணற்றடியில், எல்லாப் பெண்களும் நிற்க, ஆச்சிமுத்து சொன்னாள்: "உங்கடை மேசையிலை அண்டைக்கே விழுந்திட்டுதே, பிள்ளை."

ஞானசவுந்தரியின் கையிலிருந்து கயிறு நழுவி வாளி கிணற்றுக்குள் போனது.

பயம் அங்கேதான் தொடங்கியது. சிங்கப்பூர் விழுந்ததற்கும் தன் மேசைக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கணவன் அவளுக்கு அவ்வளவு புத்தகம் வாசித்துக் காட்டியிருக்கிறார். ஆனால் எறிந்த கை அவளுடையது. சோறு பிசையும்போது அந்தக் கையைப் பார்த்தாள். பிள்ளைக்குத் தலை பின்னும்போதும் பார்த்தாள். சோகிகளை எடுத்து உப்புப் பானைக்குள் புதைத்துவைத்தாள். உப்பெடுக்கப் போகும்போதெல்லாம் விரல் அவற்றில் தட்டியது.

சித்திரையில் கொழும்பில் குண்டு விழுந்தது. சில நாட்களில் திருகோணமலையிலும் விழுந்தது. கொழும்பிலிருந்து பெட்டி படுக்கையோடு ஓடிவந்தவர்கள் வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். ஆகாயத்தில் ஒரு சத்தம் கேட்டால் ஊரே பனங்கூடலுக்குள் ஓடியது. ஞானசவுந்தரியின் வீட்டுப் படலை ஓயாமல் திறந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புருஷனையும் பிள்ளையையும் விட்டிருந்த பெண்கள் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். ஒருத்தி கற்பூரம் கொண்டுவந்து மனோகரியின் காலடியில் வைத்தாள். ஏழு வயதுப் பிள்ளை காலை இழுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடி ஒளிந்தது.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர்களுடைய ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று சொல்ல ஒரு நாதியில்லை. துரைமாரையும் துரைசாணிமாரையும் தேடித்தேடிக் கப்பலேற்றிய அரசாங்கம், அவர்களுக்குக் கணக்கெழுதியவர்களையும் பெட்டி தூக்கியவர்களையும் கரையிலேயே விட்டுவிட்டு வந்தது. விட்டுவிட்டு வந்ததை வாய் திறந்து சொல்லவும் இல்லை. அந்த மௌனத்துக்குள்தான் சாத்திரியார் ஆழ்வாப்பிள்ளை கடை விரித்தார். களவு போன பொருளைக் கண்டுபிடிக்கச் சின்னப் பிள்ளைகளை இருத்தி, வெற்றிலையில் மை தடவி, அதற்குள் என்ன தெரிகிறது என்று கேட்பது அவருடைய தொழில். பயந்த பிள்ளை எதையாவது சொல்லும். அவர் அதற்கு விளக்கம் சொல்லுவார். அவர் மனோகரியைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார்.

"இந்தப் பிள்ளைக்கு மையே தேவையில்லை. மேசையே போதும்," என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் வருவது, ஒவ்வொருவருக்கும் ஒரு காய் வைப்பது, யார் இருக்கிறார் யார் இல்லை என்று பார்ப்பது என்று அவரே முடிவு செய்தார். இல்லையென்று விழுந்தால் அந்தியேட்டிச் சடங்கைக் காலாகாலத்தில் செய்துவிடலாம், ஆவியை அலையவிடக்கூடாது. பரமலிங்கத்தின் தமையன் ஏரம்பு பக்கத்தில் நின்று தலையாட்டினார். தெரிந்துகொள்வது நல்லதுதானே என்றார். இல்லையென்று விழுந்தால் தாலி கழற்ற வேண்டும், தம்பியின் பனைவளவையும் தரைக்காணியையும் தமையன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே ஞானசவுந்தரிக்கு விளங்கியது. அவளை அதைவிட அதிகமாகப் பயமுறுத்தியது வேறொன்று. ஐயா செத்துப்போனார் என்ற சொல்லை மனோகரியின் வாயிலிருந்து வாங்கப் பார்க்கிறார்கள். அதைச் சொன்ன பிள்ளை பிறகு எப்படி வளரும்?

மறுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. புருஷன் வீட்டார், அயலார், சாத்திரியார் எல்லாரும் ஒரு பக்கம். அவள் தனி.

வெள்ளிக்கிழமை வீடு நிறைந்தது. மேசையைச் சுற்றிப் பெண்கள் நெருங்கி நின்றார்கள். ஒருத்தி மோதிரம் வைத்தாள், ஒருத்தி பாக்கு வைத்தாள், ஆச்சிமுத்து மகனின் சட்டைப் பொத்தான் ஒன்றை வைத்தாள். ஏரம்பு ஒரு ஈயச் சிப்பாயை எடுத்து, இது தம்பி என்று நடுவில் நிறுத்தினார். கூடாத படை யப்பான்காரன் என்று ஆழ்வாப்பிள்ளை அறிவித்தார். விட்டுவிட்டு ஓடின வெள்ளைக்காரன் மட்டும் நல்லவனோ என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். அரசாங்கத்தைப் பற்றிக் கதைத்தால் பொலிசு வரும் என்று அவர் அவளை அடக்கினார்.

அதன்பிறகுதான் ஒரு சிக்கல் வந்தது. கூடாத படைக்கு எறிவது யார்? தன் ஆளைத் தன் கையால் எறிந்து விழுத்த ஒருத்தியும் முன்வரவில்லை. மேசையைத் தொட்டுக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் ஒரு அடி பின்னால் போனார்கள். அப்படியென்றால் பிள்ளையே எறியட்டும், பிள்ளைக்குத் தோஷமில்லை என்றார் ஆழ்வாப்பிள்ளை.

மனோகரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "எனக்கு ஏலாது, அம்மா. ஐயாவுக்கு நான் எறியமாட்டன்."

ஏரம்பு அவளுடைய கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். பிள்ளை சத்தம் போடவில்லை. அதன் சட்டை நனைந்து, தரையில் சிறுநீர் ஓடியது.

ஞானசவுந்தரி குசினிக்குள் போய் உப்புப் பானைக்குள் கையை விட்டாள். உப்பு ஒட்டிய சோகிகளோடு வந்து, ஏரம்புவின் கையை விலக்கிவிட்டு மேசைக்கு முன்னால் நின்றாள்.

"கூடாத படை நான்தான். நான் எறியிறன்."

எறிந்தாள். இரண்டு சோகி மட்டும் வாய் திறந்து கிடந்தன. சிப்பாய் விழவில்லை. பரமலிங்கம் இருக்கிறார். பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஏரம்பு கூட நெற்றி வியர்வையைத் துடைத்தார். ஞானசவுந்தரி தனக்கே தெரியாமல் தாலியை இறுகப் பிடித்திருந்தாள். அவளுக்கு இவ்வளவும் போதும். இனி ஊரில் ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஆச்சிமுத்து தன் பொத்தானை ஒரு விரலால் மெல்ல நடுவுக்குத் தள்ளினாள். விரலை அதிலிருந்து எடுக்கவில்லை.

ஞானசவுந்தரி அந்த விரலைப் பார்த்தாள். பொத்தானை ஓரத்தில் வைத்தாள். சிப்பாயை மறுபடி நடுவில் நிறுத்தி, மறுபடி எறிந்தாள். நான்கு சோகி வாய் திறந்தன. சிப்பாயைத் தன் கையாலேயே சரித்தாள்.

"நல்லாச் சொன்னதை ஏன் பிள்ளை குழப்புறாய்?" என்றாள் ஆச்சிமுத்து.

ஞானசவுந்தரி சிப்பாயை மறுபடி எடுத்தாள். நிறுத்தி எறிந்தாள், செத்தான். நிறுத்தி எறிந்தாள், பிழைத்தான். கடலுக்கு அப்பால் ஒரு தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு மனிதன் விழுவதையும் எழும்புவதையும் அவள் கண் கண்டது. ஆனாலும் கை நிற்கவில்லை.

"அக்கா, இவ்வளவு தரம் செத்தார், இவ்வளவு தரம் எழும்பினார். எல்லாம் மேசையிலை. மலாயாவிலை என்ன நடந்ததெண்டு இந்தச் சோகிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. என்ரை பிள்ளைக்கும் தெரியாது," என்றாள் ஞானசவுந்தரி ஆச்சிமுத்துவிடம்.

முதல் எறிதான் கணக்கு, மற்றதெல்லாம் தள்ளுபடி என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"சரி. அப்ப உங்களுக்கு ஒருக்கா எறியிறன், சாத்திரியார். ஒரே எறிதான். விழுந்தால் உங்கடை வீட்டிலை இண்டைக்கே செத்தவீடு. இருங்கோ."

இன்னொரு சிப்பாயை எடுத்து நடுவில் வைத்தாள். ஆழ்வாப்பிள்ளை அந்தச் சிப்பாயையும் அவள் கையையும் மாறிமாறிப் பார்த்தார். நேரம் சரியில்லை என்று முணுமுணுத்தார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பின்னாலிருந்த பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் மோதிரத்தையும் பாக்கையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஏரம்பு தரையில் கிடந்த ஈரத்தைச் சுற்றி நடந்து போனார். ஆச்சிமுத்து பொத்தானைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள். வெகுகாலம் அவள் ஞானசவுந்தரியோடு கதைக்கவில்லை.

அன்றோடு பயம் தெளிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். தெளியவில்லை. எல்லாரும் போனபின் அவள் கொல்லைப்புறத்தில் குந்தியிருந்து வாந்தியெடுத்தாள். முதல் எறியோடு நிறுத்தியிருந்தால் அவர் இருந்திருப்பாரோ என்ற கேள்வி யுத்தம் முடியும்வரை அவளோடு படுத்து அவளோடு எழும்பியது. அறிவு ஒன்றைச் சொல்லும், வயிறு இன்னொன்றைச் சொல்லும். வயிற்றின் சொல்லைக் கேட்டு அவள் ஒன்றும் செய்யவில்லை. எந்தச் சாத்திரியின் வாசலையும் மிதிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. காணியைக் கொடுக்கவில்லை. ஊரில் மற்றப் பெண்களும் கழற்றவில்லை. பிள்ளையை மை பார்க்க இருத்தும் வழக்கம் அந்த வட்டாரத்தில் மெல்ல நின்றுபோனது.

நாற்பத்தாறில் பரமலிங்கம் வந்தார். காய்ச்சலில் மஞ்சளித்து, பாதி ஆளாக வந்தவரை வள்ளத்திலிருந்து இருவர் தாங்கி இறக்கினார்கள். ஊர் முழுவதும் வந்து பார்த்தது. எல்லாரும் போனபின் ஆச்சிமுத்து படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

"தம்பி, என்ரை பொடியனை எங்கையேனும் கண்டனீரோ?"

சிங்கப்பூர்ப் பக்கம் தான் போகவேயில்லை என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். நாலு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஞானசவுந்தரியைப் பார்த்துப் பேசினாள்.

"நீ அண்டைக்கு அவனுக்கு எறியேல்லை, பிள்ளை. அதாலை நான் இன்னும் அவன் வருவானெண்டு பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

அது நன்றியா, குற்றச்சாட்டா என்று ஞானசவுந்தரிக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. படலையைத் திறந்துகொண்டு போய், ஆச்சிமுத்துவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.