கஞ்சா சோதனைக்குப் பெயர் கொடுக்கப் போனேன்

சுவிட்சர்லாந்தில் அரசே ஆட்களைப் பதிந்துகொண்டு, மருந்துக் கடையில் கஞ்சா விற்றுச் சோதித்துப் பார்க்கிறதாம். காலையில் படித்ததும் மேற்குத் தாம்பரமே அதிரக் கிளம்பினேன்.

கீமோ தொடங்கியதிலிருந்து என் மனைவிக்கு ஒரு வாய் சோறு வயிற்றில் தங்குவதில்லை. கஞ்சா அந்த வாந்தியை அடக்கும் என்று எங்கோ படித்திருந்தேன்.

மருந்துக் கடையில் முழங்கினேன். "பாய், நம்மூர்ல அந்தக் கஞ்சா சோதனை எப்போ? மொத ஆளா எங்க வூட்டம்மா பேரை எழுதிக்குங்க!"

வரிசையில் நின்றவர்கள் பல்லாவரம் வரை பின்வாங்கினார்கள்.

பாய் பதறிவிட்டார். "அண்ணா, மெல்லப் பேசுங்க. போலீஸ் வந்தா உங்களோட என்னையும் இட்டுகினு போவும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணிக்கு இன்னும் வாந்தி நிக்கலையா?" என்றார். வழக்கமான மாத்திரையைத்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "என்னங்க, கெடச்சுதா?"

"சுவிஸ்ல இருந்து தனி விமானம் கிளம்பிடுச்சாம். மீனம்பாக்கத்துல எறங்க எடம் இல்லாம, நம்ம மொட்டை மாடியைக் கேக்கறாங்க."

சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில், அதுவரை தங்கியிருந்த ரெண்டு ஸ்பூன் தயிர்சாதமும் வெளியே வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அவளைச் சிரிக்க வைப்பது. இன்றோடு அதற்கும் தடை.

சிரிக்க வைக்காமல் மனைவியோடு பேசத் தெரிந்த மகான்கள் யாராவது இருந்தால், கீழே கமெண்ட்டில் வந்து சொல்லிக்கொடுங்கள்.