ஒரே பாவில் நெய்த பாவாடைகள்

புவனேஸ்வரியை நல்ல மனுஷி என்று யாரும் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். அவர் பேன் பார்க்கப் போகும் குழந்தைகள் இல்லத்துப் பெண்கள்கூடச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சீப்பும் வேப்பெண்ணெயுமாக அவர் வராந்தாவில் வந்து உட்கார்ந்ததும், சின்னப் பெண்கள் கொடியில் காயும் துணிக்குப் பின்னால் ஒளிவார்கள். சிக்கியவள் தலையை அசைத்தால் காதைத் திருகுவார்.

"ஆடாதடி. உன் தலையில குடியிருக்கிறதுங்களுக்கு ரேஷன் கார்டே குடுக்கலாம்."

"வலிக்குது ஆன்ட்டி."

"அதுங்க கடிக்கிறப்ப வலிக்கல, நான் எடுக்கிறப்ப வலிக்குதா?"

வயது நாற்பத்தைந்து. கணவர் ஜெயக்குமார் வீட்டுத் தறியில் பட்டு நெய்கிறார். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருவது புவனேஸ்வரியின் வேலை. அறுந்த இழையைக் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் கண்டுபிடித்துவிடும். பேன் பார்க்க அது போதும்.

காஞ்சிபுரத்தில் அந்த இல்லத்துக்கு உதவ வருபவர்களுக்குக் குறைவில்லை. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று குழுக்கள் பிரியாணியோடு வந்து நின்றதுண்டு; செவ்வாய்க்கிழமை ரசமும் அப்பளமும்தான். வருகிறவர்கள் பேனர் கட்டுவார்கள். முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் குழந்தைகள் வாழ்த்துப் பாட வேண்டும். படம் எடுத்து முடியும்வரை இலையில் கை வைக்கக் கூடாது. கொடுப்பவரின் பெயர் ஊருக்குத் தெரிவதில் பெரிய குற்றமில்லை. வாங்குபவரின் முகமும் சேர்ந்து தெரிந்துபோகிறது. தானத்தின் கணக்கில் அதை யாரும் சேர்ப்பதில்லை.

புவனேஸ்வரியும் முதலில் அப்படி ஒரு கூட்டத்தோடுதான் போனார். கணவர் உறுப்பினராக இருக்கும் நெசவாளர் நற்பணி மன்றம் அன்று சாப்பாடு போட்டது. வாழ்த்துப் பாட்டின் நடுவே ஒரு சிறுமி தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். படம் எடுத்தவர் கையை இறக்கச் சொன்னார். இறக்கினாள், மறுபடி சொறிந்தாள். புவனேஸ்வரி எழுந்து போய் அவள் பின்னால் உட்கார்ந்தார். மன்றத்தின் வேன் கிளம்பிய பிறகும் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு தனியாக, பேருந்தில் வந்தார். அதற்குப் பிறகு வராத ஞாயிறுகள் குறைவு.

அந்தச் சிறுமி மஹாலட்சுமி. இப்போது ஒன்பதாம் வகுப்பு. இல்லத்தில் இருப்பதைப் பள்ளியில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அத்தை வீட்டில் தங்கிப் படிப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். தோழிகள் நம்பாமல் துருவத் தொடங்கியபோது, சீப்புக்குக் கீழே குனிந்தபடி கேட்டாள்: "ஆன்ட்டி, ஒரே ஒரு நாள் ஸ்கூல் கேட்டாண்ட வந்து நிக்கிறீங்களா?"

போய் நின்றார். மணி அடித்துப் பெண்கள் வெளியே வந்ததும் தெருவே திரும்பும்படி கத்தினார்: "எவ்ளோ நேரம்டி நிக்கிறது? உங்க மாமா டீ இல்லாம கூவிக்கினு இருக்காரு!" இவ்வளவு திட்டுகிறவர் சொந்த அத்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோழிகள் முடிவு செய்தார்கள். பிறகு யாரும் துருவவில்லை.

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு மன்றம் ஓர் ஏற்பாடு செய்தது. ஏகாம்பரநாதர் திருக்கல்யாணத்துக்குத் தெருவார் கொண்டுபோகும் சீர்வரிசைத் தட்டுகளை, இல்லத்துப் பெண்கள் ராஜ வீதிகள் வழியாக ஏந்திச் செல்ல வேண்டும். எல்லோருக்கும் மன்றமே பட்டுப் பாவாடை நெய்து தரும். கடை ஆர்டர் என்று சொல்லியே ஜெயக்குமார் நெய்துகொண்டிருந்தார். மனைவியைச் சந்தோஷத்தில் திடுக்கிட வைக்கும் எண்ணம். அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை. கடைசித் துண்டைத் தறியிலிருந்து அறுத்து மடித்த பிறகுதான் சொன்னார்.

"உன் ஹோம் பொண்ணுங்களுக்குத்தான் புவனா. ஒரே சாயம், ஒரே பாவு."

அவ்வளவு நாளும் அந்த நூலைச் சுற்றிக் கொடுத்தவர் புவனேஸ்வரி.

"அல்லாருக்கும் இதே கலரா?"

"பின்ன? பாவு ஏத்திட்டா அது தீர்ற வரைக்கும் அதே கலருதானே."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் பூட்டும் நூல். நிறத்தை மாற்ற வேறு பாவு ஓட்டி, இழை இழையாக இணைக்க வேண்டும். ஆனால் வேலை மிச்சம் மட்டும் காரணமில்லை. இந்தத் தெருக்களில் அக்கா தங்கைகளுக்கு ஒரே பாவில் துணி எடுப்பது பாசத்தைக் காட்டும் முறை. கல்யாண வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள். மன்றத்துக்காரர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். நெய்கிறவர்களால் மட்டுமே இப்படித் தவற முடியும். ஒரே துணியில் வரிசையாகப் போகும் பெண்களைப் பார்த்து ஊர் அக்கா தங்கைகள் என்று சொல்லாது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

புவனேஸ்வரிக்குத் தோன்றியது. மஹாலட்சுமியின் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர் வீடு ராஜ வீதிகளில்தான்.

"நெத்தியில எழுதி ஒட்டிடுங்களேன், ஹோம் பசங்கன்னு. அதுக்குப் பட்டு வேற ஒரு கேடா?"

"பட்டுடீ! அதுங்க பொறந்ததுலருந்து கட்டாத பட்டு!"

"நான் பட்டக் கேக்கல. அந்தப் பொண்ணுங்கள ஒரு வார்த்த கேட்டீங்களான்னு கேக்கறேன்."

அன்று மாலையே மன்றத் தலைவர் மயில்வாகனத்தின் பட்டுக்கடை மாடிக்கு ஏறினார். உத்திர ஏற்பாட்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா புவனா, நல்ல காரியத்துல வந்து சண்ட வளத்துக்கினு?" என்றார் மயில்வாகனம். "அதுங்களும் நம்ம பொண்ணுங்கதானே. அதான் ஒரே பாவுல போட்டோம்."

"நம்ம பொண்ணுங்கதானேண்ணா? அப்ப உங்க பேத்திங்களுக்கும் இதே கலர்ல போடுங்க. இங்க குந்திக்கினு இருக்கிறவங்க பொண்ணுங்க அல்லாருக்கும் போடுங்க. சேந்து தட்டு தூக்கட்டும். எது எந்த வீட்டுப் பொண்ணுன்னு எவனுக்கும் தெரியக்கூடாது."

டீ இன்னும் வரவில்லையா என்று யாரோ கேட்டார்கள். மயில்வாகனம் சிரிக்கப் பார்த்தார்.

"அது எப்டிமா? எங்க பொண்ணுங்களப் பாத்து ஹோம் பசங்கன்னு நெனச்சிட்டா?"

"இத்த உத்திரத்தன்னிக்கு மைக்ல சொல்லுங்கண்ணா."

"ரொம்பப் பேசுறியே, மொதல்ல உன் பொண்ணு போடட்டும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"போடுவா" என்றார் புவனேஸ்வரி.

மகள் ஏலவார்குழலிக்குப் பதினைந்து வயது. விஷயத்தைக் கேட்டதும் மாட்டேன் என்றாள்.

"என் ஃப்ரெண்ட்ஸ்லாம் ரோட்ல நிப்பாங்கமா. இன்னா நெனப்பாங்க?"

"மஹாவுக்கும் அதேதான்டி!"

"தெரியுது. அதுக்கு நான் இன்னா பண்ணேன்? அங்க போய் போடுவான்னு சொல்லிட்டு வந்துக்கிறியே, என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

புவனேஸ்வரி கையை ஓங்கிவிட்டார். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த ஜெயக்குமார் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "நாங்க ஹோம் பொண்ணுங்களுக்குப் பண்ணதத்தானே நீ இவளுக்குப் பண்ற?"

ஓங்கிய கை இறங்கியது. கோபம் இறங்கவில்லை. பொய்யான குற்றச்சாட்டை மறுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். உண்மையானதைச் சுமந்துகொண்டுதான் திரிய வேண்டும். கணவரோடும் மகளோடும் பேசாமல், ஞாயிறு வரை பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று இல்லத்துக்குப் போனபோது சீப்பை எடுக்கவில்லை. பெண்கள் எல்லோரையும் வராந்தாவில் உட்காரவைத்துக் கேட்டார்.

"உத்திரத்தன்னிக்குப் பட்டுப் பாவாடை கட்டிக்கினு ராஜ வீதியில தட்டு தூக்கணுமாம். யாருக்குப் போவணும், யாருக்கு வேணாம்? நெஜத்தச் சொல்லுங்க."

சின்னப் பெண்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். "பட்டு எங்களுக்கேவா ஆன்ட்டி? திருப்பிக் குடுத்துடணுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. மொத்த ஏற்பாட்டையும் நிறுத்திவிடும் எண்ணத்தோடு வந்திருந்தார். தூக்கிய கைகளைப் பார்த்த பிறகு அதைச் செய்யும் உரிமை தனக்கும் இல்லை என்று தெரிந்தது. பெரிய பெண்கள் நால்வர் மட்டும் கையைத் தூக்கவில்லை. மஹாலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டன் அம்சவேணி அருகில் வந்தார். "அக்கா, அல்லாரும் வரணும்னு ஹோம் கமிட்டியில சொல்லிக்கிறாங்க. நாலு பேரு கொறஞ்சா என்னத்தான் கேப்பாங்க."

"நான் நிறுத்தினேன்னு சொல்லு."

"அப்பறம் உங்கள உள்ள உடாதன்னுவாங்க."

"சொல்லிட்டுப் போவட்டும்."

உத்திரத்தன்று சின்னப் பெண்கள் அரக்குப் பட்டில் நடந்தார்கள். மேற்கு ராஜ வீதிக் கூட்டத்தில் நின்று புவனேஸ்வரி பார்த்தார். "ஹோம் பசங்க, ஐயோ பாவம்" என்று பக்கத்தில் ஒரு பெண்மணி உச்சுக் கொட்டினார்.

"இன்னா பாவத்தக் கண்ட? பட்டு கட்டிக்கினு சிரிச்சிக்கினு போவுதுங்க, கண்ணு தெரியல?"

அந்தப் பெண்மணி நகர்ந்து வேறு இடத்தில் போய் நின்றுகொண்டார். பெரிய பெண்கள் நால்வரும் இல்லத்தில் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். மஹாலட்சுமியின் அத்தை வீடு அவள் பள்ளியில் இன்னும் இடியாமல் நிற்கிறது.

அடுத்த ஞாயிறு கேட் திறக்கவில்லை. அனுமதி பெற்ற அமைப்புகளைத் தவிர வேறு யாரையும் விடக் கூடாது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழுவாத. அழுதா தொறந்துடுமா?" என்றார் புவனேஸ்வரி. அவர் பேருந்துக்குக் காத்திருந்தபோது ஒரு பிறந்தநாள் வேன் அந்தக் கேட்டுக்குள் போயிற்று.

விஷயம் தெரிந்ததும் மகள் குழலி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேட்டிருந்தா ஒருவேள போட்டிருப்பேன்மா."

"ஒருவேளையா?"

"ஒருவேளதான்."

அந்தப் பதிலில் பொய் இல்லை.

இப்போது அனுமதி வாங்குவதற்காகத் திங்கள்தோறும் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போய்வருகிறார். மேசைக்குப் பின்னாலிருக்கும் இளைஞர் மரியாதையாகத்தான் பேசுகிறார்.

"எந்த அமைப்பும்மா நீங்க?"

"அமைப்பெல்லாம் இல்லபா. நான் ஒருத்திதான்."

"தனி ஆளுக்குக் குடுக்க முடியாதும்மா. டிரஸ்ட், மன்றம், எதுனா ஒண்ணு இருக்கணும். இன்னா சேவை பண்றீங்க?"

"பேன் பாக்கறேன்."

இளைஞர் கணினித் திரையை மேலும் கீழும் நகர்த்தினார். "சாப்பாடு இருக்குது, துணி இருக்குது, டியூஷன் இருக்குது. இது இல்லியேம்மா."

"அதுல இல்லன்னா தலையில இருக்கிறது போயிடுமா?" என்று புவனேஸ்வரி கத்தியதில் அறையே திரும்பிப் பார்த்தது.

"மேடம் வந்ததும் பேசிக்கோங்கம்மா."

"எப்ப வருவாங்க?"

"சொல்ல முடியாது."

சுவரோரம் கிடந்த பெஞ்சை அவர் தரை கிறீச்சிட இழுத்துவந்தார். அந்த இளைஞரின் மேசைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.